அரிசிக்கென்று வைத்த கைநாட்டு

12.8.1992, புதன். ஸ்ரீவில்லிபுத்தூர்.

இன்று அதிகாரியும் எழுத்தனான நானும் இராஜபாளையம் பக்கத்து அகதி முகாமில் தாள்களில் ஒப்பம் வாங்கினோம். சொந்த விருப்பத்தில் இலங்கைக்குத் திரும்புவதாகச் சொல்லும் தாள், முழுவதும் ஆங்கிலம். மகனைப் புதைத்த மண்ணில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று போன வாரம் அழுத ஞானம்மா, அரிசி போடும் நாளில் செய்வதுபோலத் தானே கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டார். வாசித்துக் காட்ட வாயெடுத்தேன்.

“ஏலே, ஒவ்வொருத்தருக்கும் படிச்சா எப்ப முடிக்க? அடுத்த ஆளக் கூப்பிடு,” என்றார் அதிகாரி.

ஞானம்மா விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். “தம்பி, அரிசி எப்ப தருவியள்?”

“நாளைக்கு வந்துரும்க்கா,” என்றேன்.

தாள்கட்டு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. அவருடைய தாளை மட்டும் உருவிவிடலாம். ஒன்று குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.