பேர் கூப்பிடுகிறேன், பதில் சொல்லுங்கள்

மஸ்கட்டிலிருந்து வேலாயி, மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருந்தே ஆக வேண்டும். வேறு பதில் எனக்கு வேண்டாம்.

மஸ்கெலியாவில் நம் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மண் சரிந்ததாகச் செய்தியில் காட்டியதிலிருந்து, ஒன்பது நாளாக நான் எடுக்கிற ஃபோன் கோல் உங்களுக்குப் போகவே இல்லை. அதனால்தான் இன்று லீவில் ஹட்டனுக்குப் போய்வரும் என் தோழி ரினோஸாவிடம் இதைக் கொடுக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. என் மதுரைக்கார முதலாளிக்கு நட்சத்திரம் பார்ப்பது பொழுதுபோக்கு. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வானவில் மாதிரி பிரித்துக் காட்டினார். அதிலிருந்த கறுப்புக் கோடு ஒருநாள் இடப்பக்கமும் ஒருநாள் வலப்பக்கமும் நகர்கிறது.

"பக்கத்துல இன்னொண்ணு இருக்கு வேலாயி. கண்ணுக்குத் தெரியல. அதுதான் இத ஆட்டுது. இப்படி ஜோடி அபூர்வம். விஞ்ஞானிகளுக்கு எழுதிப் போடப்போறேன்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்கய்யா. தோட்டத்துல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலப் பெரட்டுல, மேற்பாக்குற கண்டாக்கு பேர் கூப்பிட்டா வாயத் தொறக்காம கையத்தான் தூக்குவாரு. ஆளு நிப்பாரு, பேரு பதிவுல விழாது," என்றேன்.

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

உங்கள் பழைய ஸ்வெட்டரை ரினோஸாவிடம் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். இங்கே குளிரில்லைதான், இருந்தாலும் வேண்டும்.

ரினோஸா வாசலில் நிற்கிறாள். இத்தனை வருடம் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது கண்டாக்கு மாதிரி கூப்பிடுகிறேன், கோபிக்காதீர்கள். கையைத் தூக்கினால் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நல்லமுத்து!