அம்மா அணைக்கவில்லை

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை பத்தேகாலுக்கு நெட் போனது. போகிற நேரமா அது!

ஞாயிறு பத்து மணி தம்பியின் நேரம். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. அவன் மனைவிக்கும் அப்படித்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் எழுதி அனுப்பியும் பயனில்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் மகனோடு அவள் பேச வேண்டுமென்றால் இருவர் கையும் இருவருக்கும் தெரிய வேண்டும். இந்த இணைப்பை வாங்கியதே அதற்காகத்தான். என் வேலை அப்புறம்.

இன்று குழந்தையின் பரிசோதனை முடிவைச் சொன்னான். மூன்று மாதக் குழந்தை. அவளுக்கும் கேட்காதாம். சொல்லும்போது அவன் அழவில்லை. "எங்களை மாதிரியே" என்று இரண்டு கையாலும் சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மாவின் கை ஒரே ஒரு சொல்தான் சொன்னது. "மறுபடியுமா?"

அவன் முகம் செத்துப் போனது. "மறுபடியும்னா? நான் பிறந்தது உனக்கு அவ்வளவு பெரிய கஷ்டமா?"

அம்மா கையைத் தூக்கினாள். அதோடு படம் நின்றது. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் போனது. மோடத்தில் சிவப்பு விளக்கு.

பிப்ரவரி 3, திங்கள்

எங்களுடையது பின்பக்க வீடு. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். பகலிலேயே விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். மொபைல் சிக்னலுக்கு வெளி கேட்டுக்குப் போக வேண்டும். அங்கே நின்று கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். முக்கியமானவர்களையா இருபத்திரண்டு நிமிடம் தெருவில் நிற்க வைப்பார்கள்?

கடைசியில் ஒரு பெண் வந்தாள். "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"நேத்துலேர்ந்து அதைத்தாம்மா பண்ணிட்டிருக்கேன்."

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க மேடம்."

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்: நெட் போயிடுச்சு. அம்மா கட் பண்ணலை. படித்துவிட்டான். பதில் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பதில் வந்தது. "பொய் சொல்லாதே அக்கா. அவள் கை ஸ்விட்சுக்குப் போனதைப் பார்த்தேன்."

மற்ற வீடுகளில் சண்டை முற்றினால் கதவை அறைந்து சாத்துவார்கள். எங்கள் வீட்டில் அம்மா விளக்கை அணைப்பாள். அவன் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே ஆரம்பித்தது. இருட்டில் அவள் கை அவனுக்குத் தெரியாது, அவன் கை யாருக்கும் தெரியாது. தரையைக் காலால் உதைப்பான். உதைத்து உதைத்து ஓய்ந்த பிறகுதான் விளக்கு எரியும். அப்போதெல்லாம் நானும் அதே அறையில்தான் இருந்தேன். ஒரு நாள்கூட எழுந்துபோய் அந்த ஸ்விட்சைப் போட்டதில்லை.

ஆனால் இந்தத் தடவை அவள் செய்யவில்லையே! என் கண்ணால் பார்த்தேனே, லைன்தானே போனது! திரும்பத் திரும்ப எழுதினேன். சத்தியமா. அம்மா அணைக்கலை. என் மேல ஆணையா அணைக்கலை.

கேட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்தாலும் அங்கே படம் திக்கித் திக்கித்தான் ஓடும். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். எங்களுக்குக் கை நின்றால் சொல்லே நின்றுவிடும்.

பிப்ரவரி 5, புதன்

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. இன்று அதை ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையில் உட்கார்ந்து செய்தேன். பக்கத்தில் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. வலது சிறுநீரகத்தை இடது என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, மேலதிகாரி பிடித்துவிட்டாள். பிறகு என்னையும் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனையில் கால்வாய் தோண்டுகிறவர்களைக் கேட்டேன்; கேபிள் அறுந்ததாம், சரிசெய்வது கம்பெனி வேலையாம். அறுந்தது ஒரு கம்பி. அதற்கு என் வேலை, அம்மாவின் பேச்சு, தம்பி, குழந்தை எல்லாமா நிற்க வேண்டும்? எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஒரே கம்பியில் கட்டித் தொங்கவிட்டது யார்? நான்தான். அதற்கும் சேர்த்துக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது."

எவன்டா தீர்த்தான்? எப்போ தீர்த்தான்? சிவப்பு விளக்கு என் முகத்துக்கு நேரே எரிகிறது!

பிப்ரவரி 8, சனி

கம்பெனி ஆள் ஒருவர் ஏணியோடு வந்தார். ஏணியில் ஏறவே இல்லை. தெருமுனையில் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தை எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கேபிளை வெட்டிட்டாங்க. இது எங்க வேலை இல்லீங்க, தோண்டினவங்க வேலை."

"தோண்டினவங்க உங்க வேலைன்னு சொல்றாங்க."

"அப்படித்தாங்க சொல்லுவாங்க."

அவர் ஏணியைத் தூக்கியதும் எனக்குத் தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினேன். இத்தனை வார்த்தை எனக்குத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது. மனுஷன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குள் வந்தால் அம்மா தண்ணீர் கொடுத்து, "நல்லாக் கேட்டே" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பத்து மணிக்கு அம்மா தலைவாரி, புடவை மாற்றி, தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எதிரே மூடிக் கிடக்கும் மடிக்கணினி.

"வந்திருச்சா?"

"வரலை."

"கொஞ்சம் பாரேன்."

"வந்தா மட்டும் என்ன பேசிக் கிழிக்கப் போறே? பிஞ்சுக் குழந்தையைப் பாத்து மறுபடியுமான்னு கேட்டவதானே நீ?"

பதினொன்றரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. எனக்கு யார் சொன்னார்கள்?

மாலையில் தம்பியின் செய்தி. "இனி ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். என் மகள் இருட்டில் உட்கார்ந்து தரையை உதைக்க வேண்டாம்."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்கவில்லை. வலிக்கட்டும் என்றுதான் படித்தேன். கேட்டுவிட்டு எழுந்து போனாள். அலமாரி திறக்கும் சத்தம்.

"அங்கே போற பஸ் எத்தனை மணிக்கு?"

பிப்ரவரி 11, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கோபமும் சேர்ந்து குலுக்குகிறது.

பாதி வழியில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "லைன் போகலைன்னா நானே அணைச்சிருப்பேன்."

"என்னது?"

"கை ஸ்விட்ச் மேலதான் இருந்துச்சு. அழுத்தறதுக்குள்ள அது போயிருச்சு."

ஒன்பது நாள்! என் மேல் ஆணையிட்டேன். அவனைச் சந்தேகக்காரன் என்று எழுதினேன். அவன் பார்த்தது அத்தனையும் உண்மை.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?"

"நீ அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டறதைக் கேக்க நல்லா இருந்துச்சுடி. எனக்கு விழ வேண்டியதெல்லாம் அவனுக்கு விழுந்துட்டிருந்துச்சு."

அடுத்த சீட்டில் ஆள் இருந்தார். இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துப் போன். ஏணிக்காரர். "மேடம், லைன் குடுக்க வந்திருக்கேன். வீடு பூட்டியிருக்கே?" வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. "வெளியூர்ல இருக்கேங்க" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

தம்பிதான் கதவைத் திறந்தான். என் தோளைத் தொட்டான். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது, எதிரே இருப்பவர் ஊமைதான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான். அவள் மறுபடி சுற்றினாள். அந்த வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு மூன்று தடவை சுற்றினாள். நான்காவது தடவை அவன் திரும்பவில்லை.

"அணைக்கத்தான் போனேன்." அம்மாவின் கை சொன்னது. "அக்காவுக்குத் தெரியாது. அவ பொய் சொல்லலை. லைன் முந்திக்கிச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டு இதைச் சொல்லக் கூடாதா?

"இதைச் சொல்லவா ஆறு மணி நேரம் வந்தே?"

"நீ பாத்தது சரின்னு வேற யாரு சொல்லுவா?"

அவன் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்தான். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மாவோடு ஒற்றைச் சொல்தான் பேசுகிறான். சாப்பிடு. தூங்கு. மாத்திரை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிப்ரவரி 15, சனி

இன்று மத்தியானம் தம்பி மனைவி குழந்தையைத் தூக்கி வந்து, யாரையும் கேட்காமல், அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா குழந்தையிடம் "பால்" என்றாள். எங்கள் வீட்டுக் கைச்சொல், அம்மாவே இட்டுக்கட்டியது. தம்பி மனைவி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளும் தம்பியும் வளர்ந்த பிறகு முறையாகக் கற்றுக்கொண்ட சைகை மொழியில் அது வேறு. அம்மாவின் விரல்களைப் பிடித்து மடக்கினாள். இப்படி.

"நான் முப்பது வருஷமா இப்படித்தான் சொல்றேன்" என்று அம்மா சிடுசிடுத்தாள்.

"இவளுக்கு அப்படி வேண்டாம். இவளுக்கு எல்லாரும் பேசுறதை நீங்களும் பேசணும்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா பதிலுக்கு ஏதாவது கொட்டிவிடுவாள் என்று எழுந்தே விட்டேன். அவள் குழந்தையைச் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிச் செய்து பார்த்தாள். தப்பு. இன்னொரு தடவை செய்தாள். அதுவும் தப்பு. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி வந்து அவள் எதிரே மண்டியிட்டான். அவள் கட்டைவிரலை எடுத்து, சரியான இடத்தில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டான். உடனே விட்டுவிடவில்லை.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அம்மா மேல், அந்தக் கம்பெனி மேல், அந்த அறையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த என் மேலும்தான்.

நாளைக் காலை பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன், எனக்கு மட்டும்.