நாரை வீட்டுக்கு வரும் நேரம்

செவ்வாய்க்கிழமை,
கடையில் கூட்டமில்லாத வேளை

என் கோபக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்குத்தான் எப்போதும் போல ஓய்வில்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதிக்கும் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது. அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நாலு நாளாக எனக்குத் தனி மரியாதை. முதலாளியே நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நீ அந்தப் புதுக் கார்ட்டூனைத் திட்ட ஆரம்பித்தாய், நான் சொல்ல வந்த விஷயத்தை விழுங்கிவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

நேற்று உன் வீட்டுக்காரி பேசினாள். "அண்ணி, அப்பாவும் பொண்ணும் பேசி ஒரு வாரம் ஆச்சு. 'உப்பு வேணும்னு அவர்கிட்ட சொல்லு', 'உப்பு தீர்ந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லு', நடுவுல நான் தபால்காரியா இருக்கேன்" என்று புலம்பினாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

சின்ன வயதில் நாம் பார்த்த குத்தூசி கார்ட்டூனைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், உன் மகளுக்கு அது உயிர். மூன்றாம் பாகம் ஓடும்போது நீ எழுந்து, "எங்க அம்மாவை வில்லி ஆக்கிட்டானுங்க!" என்று கத்தி டிவியை அணைத்தாயாம். அவள் "எந்த அம்மா?" என்று கேட்க, "நாரைதான் அம்மா, அதுகூடத் தெரியாம என்ன பார்க்கிற?" என்று சீறினாயாம். ஒன்பது வயதுப் பெண், தனக்குப் பிடித்த பாத்திரமே அந்த நாரைதான் என்று சொல்லக்கூட நீ விடவில்லையாம். வருகிற சனிக்கிழமை அவள் பிறந்தநாளுக்கு ஐந்து தோழிகள் வருகிறார்கள். அவர்களுக்கு 'உண்மையான கதை'யைக் காட்டுவதற்காகப் பழைய தொடர் முழுவதையும் டிவிடியாக வரவழைக்கிறாயாம், பெட்டி வெள்ளிக்கிழமை வருகிறதாம்.

தம்பி, அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் முன்னால் பிரிக்காதே. முதலில் நீ மட்டும் பார். நாரை குத்தூசியின் அம்மா இல்லை. புதியதிலும் இல்லை, பழையதிலும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அது நான் விட்ட கதை.

எழுதிவிட்டேன். கொஞ்சம் பொறு, ஒருவர் கண்ணாடிக் காம்பு தளர்ந்துவிட்டது என்று வந்து நிற்கிறார்.

திரும்ப வந்துவிட்டேன். உனக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பத்து. அம்மா நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பள்ளி விட்டதும் அப்பா வேலை பார்த்த சலவைக்கூடத்துக்கு வந்துவிடுவோம். ஓட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்பு மூட்டைகள்மேல் நம்மை ஏற்றிவிட்டு அப்பா நீராவி இஸ்திரி இயந்திரத்துக்குப் போய்விடுவார். எட்டாத உயரத்தில் ஒரு டிவி. ஆறு சலவை இயந்திரங்கள் ஒன்றாகச் சுற்றும் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் விளங்கும். டிவி என்ன பேசியது என்று யாருக்குத் தெரியும்? நாலரை மணிக்கு அந்த முள்ளம்பன்றி வரும். பலூன் விற்கிற முள்ளம்பன்றி! விற்பதற்குள் பாதி வெடித்துவிடும். அதற்குக் குத்தூசி என்று பெயர் வைத்ததே நான்தான். படத்தில் அதன் பெயர் வேறு என்று போன வாரம்தான் எனக்கே தெரிந்தது.

"என்ன சொல்றான்? அக்கா, என்ன சொல்றான்?" என்று நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். எனக்கு மட்டும் காதில் விழுந்ததா என்ன? தெரியவில்லை என்று சொன்னால் அக்கா என்கிற கௌரவம் என்ன ஆவது? உன் காதில் வாயை வைத்து அள்ளி விட்டேன். முதலில் சின்னச் சின்னப் புளுகுதான். பிறகு ஒருநாள் கடைசிக் காட்சியில் அந்த நாரை வந்தது, கையில் பழுப்பு நிறத்தில் பெரிய பை. அம்மா கிளம்பிய அன்று தூக்கிக்கொண்டு போனாளே, அதே மாதிரிப் பை. நீதான் முதலில் சொன்னாய்: "அக்கா, அது அம்மா பை." நான் என்ன செய்ய? "ஆமாடா, அம்மாதான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா" என்றேன். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் நீ அழாமல் சாப்பிட்டாய்.

அதன்பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அநேகமாக எல்லாப் பாகமும் முடியும்போது நாரை வந்து குத்தூசியின் பலூன்களைப் பிடுங்கிப் பைக்குள் திணிக்கும். "நாளைக்கு விக்கறதுக்குப் பத்திரமா எடுத்து வைக்கிறா" என்பேன். விசிலை ஊதும். "சாப்பிடக் கூப்பிடுறா." ஏதோ காகிதத்தை நீட்டும். "ஊர்லருந்து எழுதின லெட்டர்." குத்தூசி தரையில் விழுந்து புரண்டு அழும். "சந்தோஷம் தாங்கலடா அவனுக்கு!" இப்படி இரண்டு வருஷம். அம்மா திரும்பி வந்ததும் நாம் சலவைக்கூடம் போவதே நின்றுபோனது. வீட்டில் டிவி வாங்குவதற்குள் அந்தத் தொடரும் முடிந்துவிட்டது. என் குட்டு வெளிப்படாமல் முப்பது வருஷம் தப்பித்ததற்கு அதுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு பழையது நாலு பாகம், புதியது ஐந்து பாகம் பார்த்தேன். முதல் தடவையாகச் சத்தத்தோடு! அந்த நாரை பலூன் விற்பனையைத் தடுக்க வரும் அதிகாரி. குத்தூசிக்குக் குரல் தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கிறது. நான் கொடுத்த குரல் எவ்வளவோ மேல். கோபப்படாதே, உண்மையைச் சொல்கிறேன், பழையது அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பாகம் பதினோரு நிமிடம், அதில் நாலு நிமிடம் வெறும் ஓட்டம். ஒரே மரம் ஏழு தடவை கடந்து போகிறது. கையில் பிடித்த சிவப்புப் பலூன் திரும்பிப் பார்ப்பதற்குள் நீலமாகிவிடுகிறது. ஆனாலும் அந்தக் கையால் தீட்டிய வானம் இருக்கிறதே, அது புதியதில் இல்லை. புதியதில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக அசைகிறது, சரி. மூச்சு விடக்கூட நேரமில்லாமல் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நம் குத்தூசி சும்மா உட்கார்ந்து மழையைப் பார்ப்பானே, அதை வெட்டிவிட்டார்கள். அதற்காக வேண்டுமானால் நீ திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் உன் மகளுக்கு அந்த நாரையைப் பிடித்ததிலும் நியாயம் இருக்கிறது. புதியதில் நாரை ஏன் பலூனைப் பிடுங்குகிறது தெரியுமா? வெடித்த துண்டுகள் ஏரியில் விழுந்து அதன் குஞ்சுகளின் தொண்டையில் சிக்குகின்றன. இந்தக் காலத்துப் படத்தில் எல்லோருக்கும் ஒரு காரணம் வைத்துவிடுகிறார்கள்! அதாவது, அது நிஜமாகவே ஒரு அம்மாதான். உன் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். நீ மூன்றாம் பாகத்திலேயே டிவியை அணைத்துவிட்டாய். அது ஐந்தாம் பாகத்தில் வருகிறது.

நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "என்னை ஏன்டி இவ்வளவு ஒல்லியா காட்டின?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுத்த பாகத்தைத் தானே போடச் சொன்னாள். முடிந்ததும், "அவனுக்கு நீ சொன்ன. உனக்கு யாருடி சொன்னா?" என்று கேட்டாள். "நான் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சும்மா" என்றேன்.

அதுதான் உண்மை, தம்பி. உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கும் அவள் தினமும் நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. உன் நாரையை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மனசே இல்லை. ஆனால் ஐந்து குழந்தைகள் முன்னால் அந்தத் தகரக் குரலில் நீ அதைக் கேட்கக் கூடாது, என் கையெழுத்தில்தான் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். குழந்தையிடம் பேசு, அவளுடைய கார்ட்டூனை அவள் பார்க்கட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வீட்டில் அனைவரும் நன்றாக இருங்கள்.

உன்னிடம் வாய்கூசாமல் பொய் சொன்ன
அக்கா


ஞாயிற்றுக்கிழமை

அன்பான அத்தை,

நான் நலம். நீங்களும் நலமா? இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். பிழையை மட்டும் அம்மா திருத்தினார்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு டிவிடி பெட்டி வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "நீ கேட்டதுதான் சரி, அது அம்மா இல்ல, அதிகாரிதான்" என்றார். பத்து நாளுக்கு அப்புறம் அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசியது. அவர் மூக்கு சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதனால், "பழையதையும் போடுங்க, பரவாயில்ல" என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை முதலில் என் புதுக் கார்ட்டூன் பார்த்தோம். ஐந்தாம் பாகம் வரைக்கும் அப்பாவும் எங்களுடன் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பழையதைப் போட்டுச் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, எல்லோருக்கும் அவரே பேசினார். என் தோழிகள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி பழச்சாற்றைச் சோபாவில் கொட்டிவிட்டாள். ஒரு பாகத்தில் நாரை வரவே இல்லை. அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அப்படியே நின்றுவிட்டார். நான் உடனே, "அம்மாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி, நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் இப்போது பெரிய பெண், தோழிகள் முன்னால் அப்படிச் செய்யக் கூடாது என்று பிறகு அவரிடம் சொல்லிவிட்டேன்.

அத்தை, இன்னொன்று. அப்பா குத்தூசிக்குத் தன் குரலில் பேசினார். நாரைக்கு மட்டும் அப்படியே உங்கள் குரலில் பேசினார். நீங்கள் போனில் "சாப்டியாடா?" என்று கேட்பீர்களே, அதே மாதிரி. ஏன் உங்களை மாதிரிப் பேசுகிறார் என்று கேட்டேன். "நாரைக்குக் குரலே அதுதான்" என்றார்.

அப்பா உங்களைத் திட்டவில்லை. லீவு போட்டுவிட்டு நீங்கள் இங்கே வர வேண்டுமாம். நானும் கேட்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்