இரண்டு குழாய் ரெகுலேட்டர்

14-11-1986, வெள்ளி. ராஜபாளையம்

ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர் ஷோகேஸைத் திறந்துவிட்டார். வாரா வாரம் இதே கூத்துதான். மஸ்கட்டில் கடலுக்குள் இறங்கி வேலை பார்த்தபோது வாயில் கவ்வி மூச்சு விட்ட ரெகுலேட்டர். வட்டமான பித்தளைச் சம்புடம், இரண்டு பக்கமும் ரப்பர் குழாய். காது ஜவ்வு கிழிந்து ஊருக்கு வந்து, பம்ப்செட் ரிப்பேர் கடை போட்டு எட்டு வருஷமாகிறது. இன்னும் அதற்கு சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போடுகிறார்.

"புதுசா எம்புட்டோ வந்துருச்சு நூர்னிசா. அதுலயெல்லாம் குமிழி மூஞ்சிக்கு முன்னாடி பொங்கும், மீனு ஓடிரும். இதுல பிடரிக்குப் பின்னாடி சத்தமில்லாமப் போயிரும். ஒரு நாளு ஒரு மீனு என் கண்ணாடிகிட்டயே வந்து மிரளாம நின்னுச்சு. பொறவு…"

மீன் கதை. பாதியில் "சோறு ஆறுது, வாங்க" என்றேன். எத்தனை தடவை கேட்பது?

18-11-1986

ஸ்ரீவில்லிபுத்தூர் எவர்சில்வர்காரர் சங்கிலிப்பாண்டி வந்தார். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம். மகள் மாஜிதா கல்யாணத்துக்கு ஓர் அண்டா வேண்டும். ஓட்டைக் குடம் இரண்டு போட்டும் பத்தவில்லை. கை தானாக ஷோகேஸுக்குப் போனது, ரெகுலேட்டரை எடுத்துத் தராசில் வைத்தது.

தானாகவா? பொய் எழுதக் கூடாது. எனக்கு அதன் மேல் எரிச்சல். என்னை அவர் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பேணியதில்லை.

சாயங்காலம் வந்தார். ஷோகேஸைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

19-11-1986

காலையிலேயே பஸ் பிடித்து இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சங்கிலிப்பாண்டி தலையைச் சொறிந்தார். "நேத்தே உருக்குறதுக்குப் போயிருச்சே பாய். பழைய ஸ்டவ்வுன்னுல்ல நெனச்சேன்."

"பரவால்லப்பா" என்றார் இவர்.

திரும்பும்போது கண்மாய் வந்தது. அந்த இடம் வந்தால் "இதுல முங்குனா தரை தெரியாது, ஆனா அங்க…" என்று ஆரம்பிப்பார். இன்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். ஐயோ, ஏதாவது சொல்லுங்களேன் மச்சான்—

21-11-1986, வெள்ளி

தொழுதுவிட்டு வந்தார். நேராகச் சாப்பிட உட்கார்ந்தார்.

10-3-1989

மாஜிதாவுக்கு வேறு அண்டாதான் வாங்கிக் கொடுத்தோம். ரெகுலேட்டரைப் போட்டு வாங்கிய அண்டா பரண் மேல் கிடக்கிறது. ஒரு தடவைகூட அதில் பொங்கவில்லை. இரண்டு வருஷம் தாண்டியும் கடல் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது?

17-6-1994, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து பாயில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் சும்மா மடியில். என்ன தைரியமோ, கேட்டேவிட்டேன். "மச்சான், கண்ணாடிகிட்ட வந்து ஒரு மீனு நின்னுச்சே, அது என்ன மீனு?"

செத்த நேரம் நெற்றியைத் தேய்த்தார். "எந்த மீனு? மறந்துபோச்சு நூர்னிசா."

கோபத்தில் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மஞ்ச மீனு. முதுகுல மூணு கறுப்புக் கோடு. வாலு ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. நீங்க மூச்சு விட்டும் அது மிரளல, அப்படியே உங்களைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

அவர் கண் விரிந்தது. "பொறவு?" என்றார்.

பிறகு என்னவென்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் எப்போதும் சோறு ஆறுது என்பேன்.