மூன்றாவது புள்ளி

மார்ச் 18
நாளையிலிருந்து பதினோரு நாள் தொலைநோக்கி எங்களுக்கு. வெடித்தது ஒரே விண்மீன்தான். அதன் ஒளியை வானத்தில் இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. நடுவில் நிற்கும் விண்மீன் திரளின் எடை ஒளியை வளைத்து வேறுவேறு வழியில் அனுப்புகிறது. நீள வழியில் வருவது பிந்தும். இரண்டாவது புள்ளி தெரிந்தது பிப்ரவரி 12. மூன்றாவது நாற்பது நாள் கழித்து, மார்ச் 24. கணக்கு என்னுடையது. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள் அக்கா. அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இதுதான். ஏப்ரல் 20 தாண்டினால் அவள் பதிவே ரத்து. கணக்கை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பெருக்கல் எனக்குத் தெரியும் என்றேன்.

மார்ச் 24
ஒன்றும் இல்லை.

மார்ச் 27
இன்றும் இல்லை. பழிபோட மேகம்கூட இல்லை. அக்கா திட்டவில்லை. திட்டினால் தேவலை.

மார்ச் 29
கடைசிப் படம். வெறும் இருட்டு.

மார்ச் 31
கண்டுபிடித்துவிட்டேன். ஒளி வரும் வழியெல்லாம் வெளி விரிந்துகொண்டிருக்கிறது. அதற்காகத் தாமதத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும். நிரலில் அந்த வரியை ஏதோ சோதனைக்காக ஜனவரியில் நிறுத்திவைத்தேன். திரும்பப் போடவில்லை. மடையன். நாற்பது இல்லை, அறுபது. ஏப்ரல் 13.
சொல்வதா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 1
அக்கா அத்தியாயத்தை மாற்றி எழுத ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது ஒளி வரவில்லை, ஆகவே திரளின் எடையே தவறு என்று. பின்னால் நின்று படித்தேன். சொல்லிவிட்டேன்.
"எப்போ தெரியும்?"
"நேத்து காலைல."
"நேத்து மத்தியானம் என்கூட உக்காந்து சாப்ட்டியேடா."

ஏப்ரல் 4
நேரம் ஒதுக்கும் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. மறுபடி நேரம் கேட்டு, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். "உங்க மறதிக்கு வானம் என்ன பண்ணும் தம்பி?" என்றார். 13ஆம் தேதி இன்னொரு குழுவுக்கு. இதே வேலையில் எங்களுக்குப் போட்டி. வெட்கத்தைவிட்டு அவர்களிடமே போனேன். இருபது நிமிடம் தருவார்களாம். கட்டுரையில் முதல் பெயர் அவர்களுடையதாம். அக்காவிடம் சொன்னேன். சரி என்றாள்.

ஏப்ரல் 14
காலை பத்து மணிக்குப் படம் வந்தது. இருக்கிறது. திரளின் இடது ஓரத்தில், மங்கலாக – ஆனால் இருக்கிறது.
நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. ஒளியை மூன்று தடவை அளந்து குறித்துக்கொண்டாள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.
"ஆறு நாள்தான் இருக்கு. கதவைச் சாத்திட்டுப் போ."
சாத்திவிட்டு வந்தேன்.