பெயர் தெரியாதவருக்கு ஊற்றிய தண்ணீர்

உபோன்,
தாய்லாந்து.

அன்புள்ள விச்சியனுக்கு,

புவாலாய் எழுதுவது. தைவானில் வேலையும் உடம்பும் நலந்தானே? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையாவது கடைசிவரை படியுங்கள்.

நாற்று நட்டாகிவிட்டது. வாழைப்பழம் பொரிக்கும் கடையை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். எண்ணெய் என் முகத்தில் கொட்டியதிலிருந்து அடுப்புப் பக்கமே என்னை விடுவதில்லை.

என் இடது கண் இன்னும் மூடவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து எடுத்து வைத்த என் சொந்தத் தோல் சுருங்கி, கீழ் இமையை மறுபடி இழுத்துவிட்டது. மருந்து தடவி, பிளாஸ்திரி ஒட்டித்தான் படுக்கிறேன். விழி காய்ந்து புண்ணாகிவிட்டது, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்கிறார் டாக்டர். இறந்தவர் ஒருவர் தானமாகக் கொடுத்த தோலைச் சுத்தப்படுத்தி, இமைக்குள் தாங்கலாக வைத்துத் தைப்பார்களாம்.

போன வாரம் அதற்குத்தான் போனோம். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றி உட்கார்ந்திருந்தேன். அத்தை நர்சிடம் தோல் கொடுத்தவரின் பெயரைக் கேட்டார். கோயிலில் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றி அவருக்குப் புண்ணியம் சேர்க்கலாமே என்று நல்ல மனதோடுதான் கேட்டார். பெயர் சொல்லக் கூடாது என்றாள் நர்ஸ். வந்தது வினை! "பேரை மறைக்கிறாங்கன்னா கெட்ட சாவுதான்டி. எந்தப் பேயோ! அதை உன் மூஞ்சியில குடி வைக்கவா?" என்று வார்டே அதிரக் கத்தி, என்னைத் தரதரவென்று இழுத்து வந்துவிட்டார்.

கோயில் பெரிய பிக்குவிடம் போய் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பேரு தெரியலன்னா புண்ணியம் வழி தவறிடுமா? தோல் கொடுத்தவருக்குன்னு சொல்லி ஊத்தும்மா" என்றார். அத்தை அதற்கும் மசியவில்லை. "என் மவன் சொல்லட்டும்" என்கிறார். மகனான நீங்களோ, "அம்மா சொல்றதைக் கேளு" என்கிறீர்கள். இது என்ன நியாயம்? மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது உங்களுக்கு ஏற்றிய ரத்தம் யாருடையது? யாராவது பெயர் கேட்டோமா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழவும் முடியவில்லை, புண்ணில் கண்ணீர் பட்டு எரிகிறது.

அடுத்த மாதம் மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். தனியாகவேனும் நான் போகத்தான் போகிறேன். நேற்றே போதிமரத்தடியில் தோல் கொடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். நீங்கள் அத்தையிடம், "கூடப் போங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மயக்கம் தெளியும்போது பக்கத்தில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

புத்தர் உங்களைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டு கண்ணையும் மூடி நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள்,
புவாலாய்