வாசலில் தொங்கும் தகர டின்

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறாள். நான்தான் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

காட்டுப்பன்றி வந்தால் தட்டுவதற்கு நம் வாசலில் ஒரு தகர டின் தொங்குமே. அதைத் தட்டினால் அவரவர் தோட்டத்தை விட்டுவிட்டு ஊரே ஓடிவரும். போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கை ஓயும்வரை தட்டினேன். எல்லாரும் தடியோடு வந்தார்கள். கிடந்தது ஒரு பலாப்பழம்.

"படிச்ச பொண்ணு, ஒரு பழத்துக்கே ஊரைக் கூட்டிடுச்சே," என்று டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அதற்குள், காவலை விட்டு ஓடிவந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவின் மரவள்ளியில் பாதியைப் பன்றிகள் கிளறிப் போட்டுவிட்டன.

மறுநாள் அக்கா, பன்றி விட்டுவைத்த கிழங்கில் நமக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அதை அவித்துக் குழந்தைக்கு மட்டும் கொடுத்தேன்.

நேற்று மாலை வேலியோரம் மறுபடி சலசலப்பு. கட்டையைக் கையில் எடுத்தவள் தட்டக் கூசி நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "என்னடி மரமாட்டம் நிக்கிற? தட்டு. பலாப்பழமா இருந்தா உரிச்சுத் தின்னுட்டுப் போறோம்," என்றார்.

தட்டினேன். மிச்சமிருந்த பாதித் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு முதலில் ஓடிவந்தது அவர்தான்.

'கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லாத ஊர், வந்து அழைத்துப் போங்கள்' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா